நின்னுக்கிட்டே பார்க்கிற ஆட்டம்: டெக்சஸ் ஏ அண்ட் எம் சடங்குகள்

#1 பிரையன்வாசி

எம்.எஸ். படிக்க டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சு. இந்த ஊர்ல ஃபுட்பால்னா உதைக்கிற பந்து இல்ல, முட்டை மாதிரி பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடுற ஆட்டம். விதிமுறை எனக்கு இன்னும் அரைகுறைதான். ஆனா அதைச் சுத்தி இருக்கிற சடங்குகளை எழுதாம இருக்க முடியல. கோயில் திருவிழாவுக்கு மண்டகப்படி முறை இருக்கிற மாதிரி, யார் எப்ப எழுந்திருக்கணும், எப்ப குனியணும், யார் வாயைத் திறக்கலாம்னு எல்லாத்துக்கும் முறை வச்சிருக்காங்க.

'ஊப்'னு ஒரு கூவல். மூணாம், நாலாம் வருஷத்துக்காரங்க மட்டும்தான் கூவலாம். முதல் வருஷப் பையன் வாய் தவறிக் கூவினா சுத்தி இருக்கிற அத்தனை பேரும் முறைப்பாங்க. எம்.எஸ். படிக்கிறவன் கூவலாமான்னு கேட்டா ஆளுக்கொரு பதில்.

உள்ளூர் ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஸ்டேடியத்துக்குப் போய்க் கத்திப் பழகணும். ஆட்டக்காரங்க இல்லீங்க, பார்க்கிறவங்க! 1930களின் தொடக்கத்துல இருந்து நடக்குது. குஞ்சம் ஆட்டுற சியர்லீடர் எல்லாம் இங்கே கிடையாது. மாணவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அஞ்சு 'யெல் லீடர்'கள் வெள்ளை உடுப்புல நின்னு கையால சைகை காட்டுவாங்க. முன்வரிசை அந்தச் சைகையைப் பின்வரிசைக்குக் காட்டும், அது அப்படியே மேல் அடுக்கு வரைக்கும் ஏறும். அப்புறம் எல்லாரும் முழங்காலுக்கு மேல கையை ஊனிக் குனிஞ்சு அடிவயித்துல இருந்து கத்தணும். நிமிர்ந்து கத்தினா சத்தம் எடுபடாதாம். கடைசியில விளக்கை அணைப்பாங்க. ஜோடியா வந்தவங்க முத்தம் கொடுத்துக்கணும். ஜோடி இல்லாதவங்க லைட்டரைப் பத்த வச்சா, இன்னொரு தனி ஆள் தேடி வரும்னு ஐதீகம். ஒரே அபார்ட்மெண்ட்ல இருந்து ரசம் சாதம் சாப்பிட்டுட்டுப் போன நாங்க ஆறு பேர், செல்போன் வெளிச்சத்தைக் கூடக் காட்டாம கம்முனு நின்னோம்.

2024 நவம்பர் 30. ஆஸ்டின்ல இருக்கிற டெக்சஸ் யூனிவர்சிட்டியோட 13 வருஷத்துக்கு அப்புறம் ஆட்டம். ஒரு லட்சத்துக்கு மேல கூட்டம். மாணவர் பகுதியில ஒருத்தர் கூட உட்காரல. அலுமினிய பெஞ்சு இருக்கு, அது மேல ஏறி நிக்கத்தான். ரெண்டாவது கால் மணி ஆட்டத்துக்குள்ள எனக்குக் கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு. 17-7ன்னு தோத்தோம். அந்த ஏழுக்கும் காரணம் தடுப்பாட்டக்காரர் ஒருத்தர் எதிரி வீசின பந்தை இடையில புகுந்து பிடிச்சு 93 கெஜம் ஓடினதுதான். நம்ம தாக்குதல் அணி எடுத்தது முட்டை.

கடைசியா தேசிய சாம்பியன் ஆனது 1939. ஜெயிக்காத அணிக்கு ஏன் இவ்வளவு சடங்கு? இல்ல, ஜெயிக்காததாலதான் இவ்வளவு சடங்கா?

#2 வடலி

தம்பி, நான் டொரோண்டோவில இருக்கிறன். இங்க பிள்ளையள் ஐஸ் ஹொக்கி பாக்கிறவை, எனக்கு அதுவே விளங்கிறேல்லை. ஆடுறவை நிக்கட்டும், பாக்கிறவை ஏன் மூண்டரை மணித்தியாலம் நிக்கவேணும்? ஆரும் நேத்தி வச்சவையோ?

#3 பிரையன்வாசி

வடலி அண்ணா, கிட்டத்தட்ட நேர்த்திக்கடன்தான்.

1922 ஜனவரி 2, டல்லாஸ். கென்டக்கியில இருந்து வந்த சென்டர் காலேஜ்தான் எதிரணி, அப்ப அவங்க நாடறிஞ்ச அணி. ஏ அண்ட் எம் கோச் டேனா பைபிள். ஆட்டம் ஆரம்பிச்சதுல இருந்து நம்ம ஆளுங்க ஒவ்வொருத்தரா அடிபட்டு வெளியே வர்றாங்க. மாத்து ஆள் தீர்ந்துபோற நிலைமை. இ. கிங் கில்னு ஒரு மாணவர், ஃபுட்பாலை விட்டுட்டு கூடைப்பந்துக்குப் போயிட்டவர். அன்னிக்கு அவர் ஆட வரல. மேலே பத்திரிகைக்காரங்க இருக்கிற இடத்துல உட்கார்ந்து, ஒரு நிருபருக்கு யார் யாருன்னு அடையாளம் சொல்லிக்கிட்டு இருந்தார். கோச் கீழே இருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டார். உடை மாத்த அறை கிடையாது. பெஞ்சு வரிசைக்கு அடியில போய், அடிபட்ட ஆட்டக்காரரோட உடுப்பை வாங்கி மாட்டிக்கிட்டு வந்து ஓரமா நின்னார்.

அவ்வளவுதான். உள்ளே இறங்கவே இல்ல. அவர் இல்லாமலே 22-14ன்னு ஜெயிச்சாங்க. பின்னாடி அவர் டாக்டர் ஆனார்.

களத்துல 11 பேர், வெளியே தயாரா நின்னவர் 12ஆவது ஆள். 'தேவைப்பட்டா நானும் வருவேன்'னு காட்டத்தான் மாணவர்கள் எல்லாரும் நிக்கிறாங்க. சிலை வச்சிருக்காங்க. பந்தைத் தொடாத மனுஷனுக்குச் சிலை வச்ச ஊரை வேற எங்கயாவது பார்த்திருக்கீங்களா?

1983ல ஜாக்கி ஷெரில்னு கோச், கதையை ஒரு படி மேல கொண்டுபோனார். ஸ்காலர்ஷிப் இல்லாத சாதாரண மாணவர்களை வச்சே உள்ளூர் ஆட்டங்கள்ல கிக்ஆஃப் அணியை, அதாவது பந்தை எதிரணிப் பக்கம் உதைச்சு ஆட்டத்தைத் தொடங்குற அணியை, இறக்கினார். இப்ப அது ஒரு ஆளாச் சுருங்கி, ஸ்காலர்ஷிப் இல்லாம அணிக்கு வந்த ஒருத்தருக்கு 12ஆம் எண் சட்டை கொடுக்கிறாங்க.

#4 ஆஸ்டின்அக்கா

தம்பி, கதை நல்லா இருக்கு. ஆனா நான் எதிர்முகாம், ஆஸ்டின்ல படிச்சவ, அதனால கொஞ்சம் தண்ணி தெளிச்சு விடுறேன்.

'12ஆவது ஆட்டக்காரர்'ங்கிற பேச்சு 1912லயே அயோவா பல்கலைக்கழக இதழ்ல, பார்வையாளர்களைப் பத்தி வந்தாச்சு. உங்க கில் கதையும் 1922ல இருந்து ஊரெல்லாம் பாடிக்கிட்டு இருந்த கதை இல்ல. 1939ல வானொலியில நாடகமாச் சொன்ன பிறகுதான் நல்லாப் பரவுச்சு. அதே 1939, நீங்க சாம்பியன் ஆன வருஷம். ஜெயிக்கிற நேரத்துல பழங்கதைக்கு மவுசு கூடும்.

எங்க பக்கத்துப் புளுகையும் சொல்லிடறேன். எங்க சின்னம் பீவோங்கிற நீளக்கொம்பு மாடு. 1915ல ஏ அண்ட் எம் எங்களை 13-0ன்னு ஜெயிச்சாங்க. 1917 பிப்ரவரியில ராத்திரியோட ராத்திரியா வந்து எங்க மாட்டு மேல அந்த 13-0ஐச் சூடு போட்டுட்டுப் போயிட்டாங்க. அதை மறைக்கத்தான் எழுத்துகளைச் சேர்த்துப் 'பீவோ'ன்னு மாத்தினோம்னு ஊரே சொல்லும். ஆனா சூடு விழுறதுக்கு முன்னாடியே, 1916 கடைசியிலயே அந்தப் பேர் அச்சுல வந்தாச்சு. மாட்டை என்ன பண்ணினாங்க தெரியுமா? தீனிச் செலவு கட்டுபடியாகாம 1920 ஜனவரியில வெட்டி விருந்து போட்டுட்டாங்க. உங்க ஆளுங்களையும் கூப்பிட்டு, 13-0 இருந்த தோலை மட்டும் மரியாதையா எடுத்துக் கொடுத்தாங்க. சம்பந்தி சண்டைன்னா இப்படி இருக்கணும்.

இன்னொண்ணு. உங்க போர்ப்பாட்டுல பாதி எங்களைத் திட்டுறதுதானே?

#5 பிரையன்வாசி

அக்கா, உங்க பாட்டுல எங்களுக்கு 'குட்பை' சொல்றதை மறந்துட்டீங்க :)

அந்தப் பாட்டு 1918ல ஜெர்மனியில ரைன் நதிக்கரையில காவல் நின்ன நம்ம பழைய மாணவர் பிங்க்கி வில்சன் எழுதினது. கடைசியில உங்க மாட்டோட கொம்பை அறுக்கிற வரி வரும்போது, பக்கத்துல இருக்கிறவங்க தோள்ல கை போட்டு, காலைப் பின்னி, வரிசைக்கு வரிசை எதிரும் புதிருமா ஆடுவோம். மேல் அடுக்குல நிஜமாவே அதிரும். முதல் தடவை நான் முன்கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன். பக்கத்துல இருந்த பொண்ணு சிரிச்சுக்கிட்டே, சிவில் இன்ஜினியரிங் படிக்கிறீங்களான்னு கேட்டா. ஆமான்னேன்.

#6 கணக்குப்பிள்ளை

அந்த '12ஆவது ஆளை' 1990ல டிரேட்மார்க் பண்ணியாச்சு, மறந்துடாதீங்க. 2006ல சியாட்டில் சீஹாக்ஸ்ங்கிற தொழில்முறை ஃபுட்பால் அணி மேல கேஸ் போட்டு, அப்புறம் சமரசம் ஆகி, அவங்க பணம் கட்டி அந்தச் சொல்லைப் பயன்படுத்தினாங்க. தியாகத்துக்கும் ராயல்டி உண்டு.

மைதானத்துக்குப் பேர் கைல் ஃபீல்டு. எட்வின் கைல்னு தோட்டக்கலைப் பேராசிரியர். 1904 வாக்குல, ஆடுறதுக்கு இடம் ஒதுக்கக் கல்லூரி காசு தரல. மனுஷன் தன்னோட விவசாயப் பாடத்துக்குக் கொடுத்த நிலத்துல ஒரு பகுதியை வேலி போட்டு அடைச்சு, கைக்காசு 650 டாலர் போட்டு, பக்கத்து பிரையன் ஊர்ச் சந்தைத் திடல்ல இருந்த கூரைப் பந்தலை வாங்கிட்டு வந்து நட்டார். மொத்தம் 500 பேர் உட்காரலாம். 2015ல அதே இடத்தைப் புதுப்பிச்சு முடிச்ச செலவு 485 மில்லியன் டாலர், இப்ப 1,02,733 இருக்கை. அதுல மாணவர்களுக்கு இருக்கை எதுக்குன்னுதான் தெரியல, உட்காரவா போறாங்க.

2023 நவம்பர்ல கோச் ஜிம்போ ஃபிஷரை நீக்கினப்போ, ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டிய பாக்கி 75 மில்லியனுக்கு மேல. வேலை பார்க்காம இருக்கிறதுக்கு!

#7 ஓரமாஉக்காந்தவன்

பேருக்கு ஏத்த மாதிரி நான் உட்கார்ற கட்சி. எனக்கு இந்த 'மரபு'ன்னாலே ஒரு சந்தேகம்.

1954ல 'பேர்' (கரடி)ங்கிற பட்டப்பேரோட பிரையன்ட்னு ஒருத்தர் கோச்சா வந்தார். ஆட்டக்காரங்களை பஸ்ல ஏத்தி ஜங்ஷன்கிற வறண்ட ஊருக்குக் கூட்டிட்டுப் போய் பத்து நாள் பயிற்சி. வறட்சிக் காலம், கொளுத்துற வெயில், தண்ணி குடிக்க இடைவேளை கிடையாது. நூறு பேர் அளவுல போனாங்க, முப்பத்தஞ்சு பேர் அளவுலதான் மிஞ்சினாங்க. மத்தவங்க ராத்திரியில பெட்டியைத் தூக்கிட்டு ஓடிட்டாங்க. ஒருத்தர் வெயில் தாக்கி செத்துப் பிழைச்சார். அந்த வருஷ முடிவு? 1 வெற்றி, 9 தோல்வி. ரெண்டு வருஷம் கழிச்சு 1956ல தோல்வியே இல்லாம ஜெயிச்சதும், ஜங்ஷன் போனவங்க காவிய நாயகர்கள் ஆயிட்டாங்க. ஜெயிக்காம இருந்திருந்தா அதுக்குப் பேர் கொடுமை. ராத்திரியில ஓடிப்போனவன்தான் புத்திசாலின்னு நான் சொல்வேன்.

அப்புறம், நிஜமா ஜெயிக்கிறது யாரு? 2009, 2010, 2011 மூணு வருஷமும் தடகளத்துல ஆண்கள், பெண்கள் ரெண்டு பட்டமும். 2011ல பெண்கள் கூடைப்பந்து, நோட்ர டாமை 76-70. 2024ல பெண்கள் டென்னிஸ், ஜார்ஜியாவை 4-1. இவங்களுக்கு யாராவது நடுராத்திரி கத்திப் பழகினீங்களா? சடங்கெல்லாம் தோக்கிற ஆம்பளைங்களுக்கு, கோப்பையெல்லாம் ஜெயிக்கிற பொண்ணுங்களுக்கு. அந்தக் கல்லூரியில 1963 வரைக்கும் பொண்ணுங்களை முறையாச் சேர்த்துக்கவே இல்லங்கிறதையும் சேர்த்துப் படிங்க.

#8 பிரையன்வாசி

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. டென்னிஸ் இறுதி நடந்தப்போ நான் இங்கே வரவே இல்லைன்னு தப்பிச்சுக்கலாம், ஆனா வந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

பேஸ்பால் மட்டும் விதிவிலக்கு. நம்ம பக்கம் ரன் எடுத்தா கூட்டமே சோப்புக் குமிழி ஊதும். எதிரணிப் பந்துவீச்சாளர் நாலு தப்புப் பந்து போட்டு ஆளை அனுப்பிட்டா, கூட்டம் விடாது. அடுத்த பந்துக்கும் 'அஞ்சு'ன்னு எண்ண ஆரம்பிச்சு, அவர் ஒழுங்கா ஒண்ணு போடற வரைக்கும் எண்ணிக்கிட்டே இருக்கும். வாத்தியார் இம்போசிஷன் எண்ணுற மாதிரி.

#9 ஆஸ்டின்அக்கா

அந்த பேஸ்பால் அணி 2024ல இறுதியில தோத்த மறுநாளே, அதோட கோச் எங்க பக்கம் வந்து சேர்ந்தார். நான் எதுவும் சொல்லல.

#10 தொண்ணூறுகளின்மாணவன்

ரொம்ப நாளா படிக்க மட்டும் செய்வேன், இன்னிக்கு எழுதுறேன். எல்லாரும் சுத்திச் சுத்தி வர்றீங்க, பான்ஃபயரைத் தொடல.

டெக்சஸோட ஆடுற ஆட்டத்துக்கு முன்னாடி மரக்கட்டை அடுக்கி எரிக்கிற வழக்கம் 1900களின் முதல் பத்து வருஷத்திலயே ஆரம்பிச்சது. முதல்ல குப்பைக் குவியல், உடைஞ்ச பெட்டி. அப்புறம் காட்டுக்குப் போய் மாணவர்களே மரம் வெட்டிக் கொண்டுவர ஆரம்பிச்சாங்க. 1969ல 109 அடி உயரம். அதுக்கப்புறம் நிர்வாகம் 55 அடிதான்னு வரம்பு வச்சது. 1963ல கென்னடி சுடப்பட்டதுக்காக, அடுக்கினதை எரிக்காம பிரிச்சாங்க. மத்தபடி ஒரு வருஷமும் நிக்கல.

நான் அப்போ ஆராய்ச்சி மாணவன். 1999 நவம்பர் 18, அதிகாலை 2:42. சுமார் 5,000 கட்டைகள், 59 அடி, கல்யாண கேக் மாதிரி அடுக்கு மேல அடுக்கு, மேல பசங்க ஏறி வேலை பார்த்துக்கிட்டு இருக்காங்க. சரிஞ்சது. 11 மாணவர்கள், ஒரு பழைய மாணவர், மொத்தம் 12 உயிர். 27 பேருக்குக் காயம். எங்க குடியிருப்புல சைரன் சத்தம் விடியற வரைக்கும் ஓயல. விடிஞ்சதும் ஃபுட்பால் அணிப் பையன்கள் வந்து கையால கட்டை நகர்த்தினாங்க. இயந்திரம் வச்சா உள்ளே இருக்கிறவங்க மேல மத்த கட்டை உருளும்னு பயம்.

விசாரணைக் குழு அறிக்கை 2000 மே மாசம் வந்தது. நான் முழுசாப் படிச்சேன். ரெண்டாம் அடுக்குக் கட்டைகளை முதல் அடுக்கு இடுக்குல ஆப்பு மாதிரி அடிச்சு இறக்கியிருந்தாங்க. உள்ளே இருந்து வெளியே தள்ளுற விசை அதிகம். முந்தின வருஷங்கள்ல முதல் அடுக்கைச் சுத்தி இரும்புக் கம்பி வடம் கட்டுவாங்க, அந்த வருஷம் கட்டல. இதுக்கெல்லாம் வரைபடம் கிடையாது, பொறியியல் பரிசோதனை கிடையாது. மூத்தவன் இளையவனுக்கு வாய்மொழியாச் சொல்லிக் கொடுக்கிறதுதான். பொறியியலுக்குப் பேர்போன பல்கலைக்கழகத்துல! ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒண்ணு கொஞ்சமா மாறும், மாறினது யாருக்கும் தெரியாது. நாம 'மரபு'ன்னு சொல்றோம், அறிக்கையில அதுக்குப் பேர் கட்டுப்பாடு இல்லாத வடிவமைப்பு.

#11 வடலி

வாசிச்சுப்போட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தனான். எங்கட கோயில்ல கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்திறது, பனையோலை கட்டி. அதுக்கும் ஆரும் பிளான் கீறிறதில்லை, தெரிஞ்ச கிழவர் ஒருத்தர் இருப்பார். அவர் போனால் அடுத்தவர். உயரம் குறைவு, அதால தப்பினம் போல.

அந்த வருசம் ஆட்டம் நடந்ததோ?

#12 ஆஸ்டின்அக்கா

நடந்தது அண்ணா, எட்டு நாள் கழிச்சு, நவம்பர் 26. அரைநேரத்துல எங்க லாங்ஹார்ன் பேண்ட், தன்னோட பாட்டை விட்டுட்டு 'அமேசிங் கிரேஸ்' வாசிச்சது. அப்புறம் இறந்தவங்களுக்காக வாசிக்கிற 'டேப்ஸ்'. முடிஞ்சதும் வெள்ளைத் தொப்பியைக் கழட்டிக்கிட்டு வெளியே போனாங்க. ஏ அண்ட் எம் 20-16ன்னு ஜெயிச்சது. அந்த ஒரு ஆட்டத்துல தோத்ததுக்கு எங்க ஊர்ல யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்ல.

#13 தொண்ணூறுகளின்மாணவன்

அதே இடத்துல நினைவிடம் 2004ல திறந்தாங்க. வட்டமா 12 வாசல். ஒவ்வொண்ணும் இறந்தவரோட சொந்த ஊர் இருக்கிற திசையைப் பார்த்திருக்கும். வாசலுக்கு வாசல் நடுவுல காயம்பட்டவங்களுக்காக 27 கல். உள்ளே போற வழியில எரிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு கல்லு, 1963க்கு மட்டும் இடைவெளி.

2024ல டெக்சஸோட ஆட்டம் திரும்ப வந்ததும், வளாகத்துலயே மறுபடி எரிக்கலாம்னு பேச்சு வந்து, நிர்வாகம் வேண்டாம்னு முடிவு பண்ணுச்சு. வளாகத்துக்கு வெளியே மாணவர்கள் தனியா நடத்துறாங்க. நான் போனதில்ல. போறவங்களைத் தப்புன்னும் சொல்ல மாட்டேன்.

#14 ஓரமாஉக்காந்தவன்

மேல நான் எழுதினதுல நக்கல் தொனி இருந்தா மன்னிக்கணும் சார். ஜங்ஷனுக்கும் இதுக்கும் வேர் ஒண்ணுதான்னு மட்டும் தோணுது. யாருமே 'நிறுத்து'ன்னு சொல்லக் கூடாத சூழல்.

#15 தொண்ணூறுகளின்மாணவன்

உண்மைதான். ஆனா நான் வெளிநாட்டு மாணவனா வந்து, யாரையும் தெரியாம இருந்த முதல் மாசத்துல, முன்பின் தெரியாதவன் எதிர்ல வந்து வணக்கம் சொல்ற மாதிரி 'ஹௌடி'ன்னு சொன்னதும் இதே ஊர் மரபுதான். ரெண்டையும் பிரிச்சு எடுக்க எனக்குத் தெரியல.

#16 கணக்குப்பிள்ளை

இழை ரொம்பக் கனமாயிடுச்சு, நாயைப் பத்தி யாராவது எழுதுங்கப்பா.

#17 பிரையன்வாசி

ரெவெலி! நம்ம பல்கலைக்கழகச் சின்னம். 1931ல நவசோட்டா ஊர்ல இருந்து கார்ல திரும்பின கேடட் பசங்க, அதாவது இங்கே ராணுவப் பயிற்சி எடுக்கிற மாணவர்கள், வழியில ஒரு நாயை இடிச்சுட்டாங்க. மனசு கேட்காம விடுதிக்குத் தூக்கிட்டு வந்தாங்க. காலையில எழுப்புற பியூகிள் ஒலிச்சதும் அது குலைக்க ஆரம்பிச்சது. அந்த ஒலிக்குப் பேர் ரெவெலி, நாய்க்கும் அதே பேர். முதல் நாய் தெருநாய், இப்ப வர்றதெல்லாம் ஜாதி கோலி. 2021ல இருந்து பத்தாவது ரெவெலி. கேடட் படையில இவங்களுக்குத்தான் ஆக உயர்ந்த பதவி, தோள்ல அஞ்சு வைரச் சின்னம். மேடம்னுதான் கூப்பிடணும். வகுப்புல குலைச்சா வாத்தியார் பாடத்தை முடிச்சுக்கணும். கேடட் கட்டில்ல ஏறிப் படுத்துட்டா அவன் தரையில படுக்கணும். எங்க லேப் வாசல் வழியா ஒருநாள் போச்சு. நாங்க நாலு பேர் எழுந்து நின்னோம், யாரும் சொல்லாமலே.

செத்த ரெவெலிகளுக்கு ஸ்டேடியத்தோட வடக்கு வாசல்ல சமாதி. ஸ்கோர் தெரியற மாதிரி புதைச்சாங்க. ஸ்டேடியத்தை உயர்த்திக் கட்டினதும் ஸ்கோர்போர்டு மறைஞ்சுபோச்சு. அதனால வெளியே, சமாதிகளுக்கு எதிர்ல, தனியா சின்னதா ஒரு ஸ்கோர்போர்டு வச்சிருக்காங்க.

#18 ஆஸ்டின்அக்கா

1993 டிசம்பர்ல அந்த ரெவெலியைத்தான் எங்க பசங்க கடத்திட்டுப் போனாங்க. பத்திரமாத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. மாட்டுக்கு நீங்க பண்ணினதுக்கு இது எவ்வளவோ மேல்.

#19 கணக்குப்பிள்ளை

நாய் சரி. 2025 ஜூலையில இருந்து கல்லூரிகள் ஆட்டக்காரங்களுக்கு நேரடியாவே பணம் கொடுக்கலாம், முதல் வருஷம் ஒரு பல்கலைக்கழகத்துக்கு 20.5 மில்லியன் டாலர் வரைக்கும். நல்ல ஆட்டக்காரன் வருஷா வருஷம் அணி மாறுவான். சம்பளம் வாங்குற அணிக்கு, சும்மா வந்து ஓரமா நின்ன கில் எந்த வகையில சேர்த்தி?

#20 பிரையன்வாசி

கில்லுக்கு அன்னிக்கும் சம்பளம் இல்ல, எங்களுக்கும் இல்ல. ஆட்டக்காரன் மாறட்டும், நிக்கிறவன் மாறல. ஆட்டக்காரனுக்குக் காசு போறதுல எனக்கு வருத்தமும் இல்ல. அடிபடறது அவன் முழங்கால்.

என் முழங்கால் கதையும் ஒண்ணு இருக்கு. போன சீசன்ல அம்மா வந்திருந்தாங்க. ஆட்டம் பார்க்கணும்னாங்க. மாணவர் பகுதிதான், நிக்கணும்னு சொன்னேன். 'கும்பாபிஷேகத்துக்கு நிக்கலையா'ன்னு கேட்டாங்க. மூணாம் பகுதி வரைக்கும் நின்னாங்க. அப்புறம் கால் முடியல, பெஞ்சுல உட்கார்ந்துட்டாங்க. முன்னாடி இருந்த ரெண்டு பசங்க திரும்பிப் பார்த்தாங்க. முறைக்கப் போறாங்கன்னு நெனச்சேன். ஒருத்தன் குனிஞ்சு, 'ஸ்கோர் தெரியுதா மேம்?'னு கேட்டுட்டு, அவங்களுக்குத் திரை தெரியற மாதிரி தள்ளி நின்னான். அதுக்கப்புறம் நம்ம பக்கம் என்ன நடந்தாலும் அவன்தான் திரும்பிச் சொன்னான். அம்மாவுக்கு அவன் இங்கிலீஷ் ஒண்ணும் புரியல, எல்லாத்துக்கும் தலையாட்டினாங்க.

சரி, வேலை விஷயம். மாணவர் டிக்கெட் வரிசை திங்கட்கிழமை நாலாம் வருஷத்துக்காரங்களுக்கும் நம்மளை மாதிரி கிராஜுவேட் ஆளுங்களுக்கும். செவ்வாய் மூணாம் வருஷம், அப்படியே இறங்கி வியாழன் முதல் வருஷம். திங்கள் விடியக்காலையில யார் வர்றீங்க? ஃப்ளாஸ்க்ல காபி நான் கொண்டுவர்றேன்.

#21 ஓரமாஉக்காந்தவன்

பெண்கள் டென்னிஸ் அட்டவணை வந்ததும் இதே இழையில போடறேன். அதுக்கு வரிசை கிடையாது, உட்கார்ந்தே பார்க்கலாம். காபி அதுக்கும் உண்டா?

#22 பிரையன்வாசி

உண்டு. வர்றேன்.